கும்பெனியும் அதன் கோட்டைகளும்

இலண்டன் மாநகரின் லெடன்ஹால் தெருவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் தலைமை அலுவலகம் இருந்தது. 1600ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் எலிசபெத் அரசியாரிடம் சாசனம் பெற்றுத் தொடங்கிய அவ்வணிகக் கூட்டத்தார், மிளகு வாங்கப் புறப்பட்டு நாடாளும் நிலைக்கு உயர்ந்த கதையை நம் பள்ளிப் பாடநூல்கள் போர்களின் வரிசையாகவும் உடன்படிக்கைகளின் வரிசையாகவும் கூறி முடித்துவிடுகின்றன. மாணாக்கரும் ஆண்டுகளை நெட்டுருச் செய்து தேர்வு எழுதிவிடுகின்றனர். ஆனால் அப்போர்களுள் சில ஏன் மூண்டன என்று ஆராயப் புகுவோர், போர்க்களத்தை விட்டுக் கடிதக் கட்டுகளின் பக்கம் செல்ல வேண்டியிருக்கிறது. ஒரே கும்பெனியின் கிளைகள் ஒன்றையொன்று கலவாமல் செய்த முடிவுகளும், இலண்டனிலிருந்து காலங்கடந்து வந்த கட்டளைகளும் பல்லாயிரவர் உயிருக்கு உலை வைத்த செய்தி அங்கேதான் கிடக்கிறது.

கும்பெனியின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். பங்குதாரர்கள் கூடித் தேர்ந்தெடுத்த 24 டைரக்டர்கள் இலண்டனில் அமர்ந்து ஆட்சி செய்தனர். கீழ்நாட்டில் அவர்களுக்குப் பண்டகசாலைகள் பல இருந்தன. எது எதற்குத் தலைமை என்பது அடிக்கடி மாறிக்கொண்டே வந்தது. சென்னையில் ஜார்ஜ் கோட்டை எழுந்த தொடக்கக் காலத்தில், அது சாவகத் தீவிலிருந்த பாந்தாம் பண்டகசாலைக்கு அடங்கியதாக இருந்தது என்றால் இக்காலத்தார் வியப்படைவர். வங்காளத்துப் பண்டகசாலைகளோ சில காலம் சென்னைக்கு அடங்கியிருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்றும் தனித்தனி இராசதானிகளாக நிலைபெற்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர்னர்; அவருக்கு ஓர் ஆலோசனைச் சபை; அச்சபையில் பெரும்பான்மை வாக்கே முடிவு. மூன்று இராசதானிகளும் இலண்டனுக்கு மட்டுமே கட்டுப்பட்டவை. ஒன்று மற்றொன்றுக்குக் கட்டளையிட இயலாது.

இலண்டனோ நெடுந்தொலைவில் இருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பலுக்கு ஐந்து திங்கள் முதல் எட்டுத் திங்கள் வரை பிடிக்கும். கப்பலோ பருவக் காற்று பார்த்தே புறப்படும். ஆதலின் ஒரு கேள்வி எழுதி அதற்கு விடை பெறுவதற்குள் ஓராண்டுக்கு மேல் கழிந்துவிடும். இரண்டாண்டு ஆவதும் உண்டு. கேள்வி கேட்ட கவர்னர் பதவியை விட்டுப் போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம்.

இக்குறையைப் போக்கக் கும்பெனியார் கண்ட வழி எழுத்து. இதில் அவர்கள் காட்டிய விடாமுயற்சியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. சபையில் பேசி முடித்தவை அனைத்தும் நாள்தோறும் ஏட்டில் எழுதப்பட்டன. பெரும்பான்மையோடு உடன்படாத உறுப்பினர் தம் மறுப்பையும் அதற்குரிய காரணங்களையும் அதே ஏட்டில் பதிவு செய்யலாம். ஏட்டின் படிகள் இலண்டனுக்குச் செல்லும். கடிதங்கள் பத்தி பத்தியாக எண்ணிடப்பட்டன. இலண்டனார் எழுதும் விடையும் பத்தி எண்ணைச் சுட்டியே வரும். ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்று சேர்க்கும் என்று ஒரே கடிதத்தின் படிகள் இரண்டு மூன்று கப்பல்களில் அனுப்பப்பட்டன. இவ்வாறு குவிந்த ஏடுகளுள் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களை அடுக்கிய அலமாரிகளின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர் என்பர்.

நடந்ததை எழுதிவைக்கும் திறமை இவ்வளவு இருந்தும், எதை யார் முடிவு செய்வது என்னும் வினா மட்டும் தெளிவுபடவே இல்லை. 1756ஆம் ஆண்டு நிகழ்ந்ததைப் பாருங்கள். வங்காள நவாப் சிராஜ்-உத்-தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றிய செய்தி ஆகஸ்டுத் திங்கள் நடுவில் சென்னைக்கு எட்டியது. படை புறப்பட்டதோ அக்டோபர் நடுவில்தான். இடைப்பட்ட இரண்டு திங்களும் சபை வாதத்தில் கழிந்தது. பிரெஞ்சுக்காரரோடு போர் வரும் வேளையில் சென்னையின் படையை வேற்று இராசதானிக்கு அனுப்பலாமா? அனுப்பினால் படைத்தலைவன் கல்கத்தாச் சபைக்குக் கட்டுப்பட்டவனா, சென்னைச் சபைக்குக் கட்டுப்பட்டவனா? தன் கோட்டையையே இழந்து நின்ற சபைக்குப் படையை ஒப்படைக்கச் சென்னையார் விரும்பவில்லை. முடிவில் கிளைவுக்குத் தனி அதிகாரம் கொடுத்து அனுப்பினர். கிளைவு வென்றுவிட்டமையால் அந்த இரண்டு திங்களைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கேட்கவில்லை. வெற்றி பல கேள்விகளை மூடிவிடும் இயல்புடையது.

கும்பெனி நாடாளத் தொடங்கியபின் இத்தகைய ஏற்பாடு நீடிக்க முடியாது என்பதைப் பாராளுமன்றம் உணர்ந்து, 1773இல் ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றை இயற்றியது. கல்கத்தாவின் கவர்னர் இனிக் கவர்னர் ஜெனரல் ஆவார். போர் தொடுப்பதிலும் உடன்படிக்கை செய்வதிலும் சென்னையும் பம்பாயும் அவரும் அவர் சபையும் இசைந்த பின்னரே நடக்க வேண்டும் என்பது அச்சட்டம். ஆனால் அதில் இரண்டு விலக்குகள் இருந்தன. உடனடியான நெருக்கடி நேர்ந்தால் கேளாமலே நடக்கலாம் என்பது ஒன்று. இலண்டனிலிருந்து நேரே கட்டளை வந்திருந்தால் அதன்படி நடக்கலாம் என்பது மற்றொன்று. சட்டம் எழுதியோர் கதவைப் பூட்டினர். ஆயின் சாவி இரண்டைக் கதவிலேயே மாட்டிவிட்டுச் சென்றனர்.

கவர்னர் ஜெனரலாகிய வாரன் ஹேஸ்டிங்ஸின் நிலையும் இரங்கத்தக்கது. அவரோடு சபையில் இருந்தவர் நால்வர். அவருள் கிளேவரிங், மான்சன், பிரான்சிஸ் ஆகிய மூவரும் அவருக்கு மாறானவர். பார்வெல் ஒருவரே அவர் பக்கம். மூன்றுக்கு இரண்டு என்னும் கணக்கில் தலைவரே தோற்றுக்கொண்டிருந்தார். பிறரை அடக்கி ஒருமுகப்படுத்த வேண்டிய இடத்திலேயே ஒருமுகம் இல்லை.

முதற்சாவியைப் பம்பாய் எடுத்தது. மராட்டியருள் பேஷ்வா பதவிக்குப் போட்டியிட்ட இரகுநாதராவுடன் 1775 மார்ச்சில் சூரத்து உடன்படிக்கையைப் பம்பாய்ச் சபை கல்கத்தாவைக் கேளாமலே செய்துகொண்டது. சால்செட்டும் வசாயும் கிடைக்கும் என்பது ஆசை. கல்கத்தாச் சபை சினந்து அதனைத் தள்ளிவிட்டுத் தன் தூதர் அப்டனைப் பூனாவுக்கு அனுப்பி, 1776 மார்ச்சில் எதிர்த்தரப்பாருடன் புரந்தர் உடன்படிக்கை செய்தது. ஒரே கும்பெனி ஓராண்டுக்குள் மராட்டியரின் இரு கட்சியாரோடும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உடன்படிக்கைகள் செய்துகொண்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். அதன்பின் சில திங்களில் இலண்டனிலிருந்து கடிதம் வந்தது. சூரத்து உடன்படிக்கையைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாக டைரக்டர்கள் எழுதியிருந்தனர்! புரந்தரில் நடந்ததை அவர்கள் அறியார், அறிந்திருக்கவும் இயலாது. பம்பாய்க்கு இரண்டாம் சாவியும் கிடைத்தாயிற்று.

1778 நவம்பரில் பம்பாய்ப் படை பூனாவை நோக்கிப் புறப்பட்டது. வங்காளத்திலிருந்து ஹேஸ்டிங்ஸ் அனுப்பிய மற்றொரு படை நிலவழியாக வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரும்வரை பம்பாயார் காத்திருக்கவில்லை. படையை நடத்தவும் தனித்தலைவர் ஒருவரை நியமியாமல் ஒரு குழுவை நியமித்தனர். மலைவழியில் நாளொன்றுக்குச் சிறு தொலைவே நகர்ந்த அப்படை, தளேகாவ்ன் என்னும் ஊரில் பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுத் திரும்பியது. 1779 ஜனவரியில் வத்காவ்ன் என்னுமிடத்தில் சூழப்பட்டுப் பணிந்து ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்தவர்களுக்கு அவ்வதிகாரமே இல்லை என்று பம்பாயும் கல்கத்தாவும் பின்னர் அவ்வொப்பந்தத்தை மறுத்தன. போரோ 1782இல் சால்பாய் உடன்படிக்கை வரை நீண்டது.

இதே வேளையில் சென்னை தன் பங்குக்கு ஒன்று செய்தது. இது தமிழ் மக்களை நேரே தாக்கியதாகலின் சற்று விரித்துக் கூறுதல் தகும். ஐதராபாத்து நிஜாமின் தம்பியாகிய பசாலத்து ஜங்கின் வசம் குண்டூர் இருந்தது. சென்னைச் சபை நிஜாமையும் கேளாமல் கல்கத்தாவையும் கேளாமல், 1779இல் பசாலத்து ஜங்குடன் தனியே பேசிக் குண்டூரைப் பெற்று, அதனை ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்குக் குத்தகைக்கு விட்டது. பசாலத்து ஜங்குக்குத் துணையாகப் படை ஒன்றும் அனுப்பியது. அப்படை செல்லும் வழியோ ஐதர் அலியின் நாட்டினூடே அமைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் மாகியைக் கும்பெனிப் படை பிடித்திருந்தது. அத்துறைமுகம் தம் பாதுகாப்பில் உள்ளது என்று ஐதர் முன்னரே எச்சரித்திருந்தார். பம்பாயின் செயலால் மராட்டியர் பகைவராயினர். சென்னையின் செயலால் நிஜாமும் ஐதரும் பகைவராயினர். ஒருவரையொருவர் நம்பாத மூன்று அரசுகளும் கும்பெனிக்கு எதிராகக் கைகோத்தன. பகைவரை ஒன்றுசேர்க்கும் வேலையைக் கும்பெனியின் இரு கிளைகளே செய்து முடித்தன எனலாம்.

குண்டூரைத் திருப்பிக் கொடுக்குமாறு கல்கத்தா கட்டளையிட்டது. சென்னையில் தலைமை ஏற்றிருந்த ஒயிட்ஹில் அதனை நிறைவேற்றாமல் நாளைக் கடத்தினார்.

1780 ஜூலையில் ஐதர் பெரும்படையோடு கணவாய்கள் வழியே கருநாடகச் சமவெளியில் இறங்கினார். சென்னைச் சபைக்கு முன்னெச்சரிக்கைகள் வந்திருந்தும் ஆயத்தம் ஏதும் இல்லை. படைத்தலைவர் மன்றோ களத்துக்குப் போக வேண்டியவர். ஆனால் சபையில் ஒயிட்ஹில்லுக்குப் பெரும்பான்மை கிடைப்பதே மன்றோவின் வாக்கினால்தான். ஆகவே அவரைச் சபையில் நிறுத்தி, படையை மக்லியோடு பிரபுவிடம் ஒப்படைக்க எண்ணினர். படைகள் காஞ்சிபுரத்தில் கூட வேண்டும் என்பது மன்றோவின் திட்டம். சென்னையை அடுத்துக் கூடுவதே பாதுகாப்பு என்றார் மக்லியோடு. கருத்து ஒவ்வாமையால் மன்றோவே புறப்பட நேர்ந்தது. நாட்டில் ஊர்கள் எரிந்துகொண்டிருக்க, சபையில் வாக்கு எண்ணிக்கை குறையாமல் காப்பது பெருங்கவலையாக இருந்தது.

குண்டூர்ப் பக்கம் அனுப்பப்பட்ட படை இப்போது பெய்லி என்பாரின் தலைமையில் திரும்பி வந்தது. ஆகஸ்டு 25ஆம் நாள் கொசத்தலையாற்றின் வடகரையில் அவர் தங்கினார். அன்றே கடந்திருக்கலாம். மறுநாள் வெள்ளம் பெருகிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் கரையிலேயே காத்திருந்தார். பின்னர்ப் பேரம்பாக்கம் வரை வந்தபோது ஐதரின் மைந்தர் திப்பு வழிமறித்தார். மன்றோ இருந்த காஞ்சிபுரத்துக்கும் அவ்விடத்துக்கும் ஒரு நாள் நடைத் தொலைவே. பீரங்கி முழக்கம் மன்றோவின் காதில் விழுந்தது. அவர் முழுப்படையோடு செல்லாமல், பிளெச்சர் என்பாரின் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் துணைக்கு அனுப்பினார். செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் பெய்லியின் படை ஐதர், திப்பு இருவருடைய படைகளுக்கும் இடையே சிக்கி அழிந்தது. அதில் இருந்தோர் ஏறக்குறைய 3,700 பேர். அவருள் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளம் ஒன்றில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். தளேகாவ்ன் குளமும் காஞ்சிபுரத்துக் குளமும் இருபது திங்கள் இடைவெளியில் ஒரே கும்பெனியின் பீரங்கிகளை விழுங்கின.

தொண்டை நாட்டு உழவர் பட்டபாடு இதனினும் பெரிது. சென்னையைச் சூழ்ந்த பகுதி பாழாக்கப்பட்டது, குடிகள் கோட்டையை நோக்கி ஓடிவந்தனர், பஞ்சம் தொடர்ந்தது. குண்டூர்க் குத்தகையைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

இந்நிலையில் ஹேஸ்டிங்ஸ் விரைந்து செயல்பட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதிய படைத்தலைவர் அயர் கூட் 15 இலட்சம் ரூபாயோடும் படையோடும் கடல் வழியாக அனுப்பப்பட்டார். 1780 நவம்பரில் சென்னையில் இறங்கியதும், கல்கத்தாக் கட்டளையின்படி ஒயிட்ஹில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1781 ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் கூட் பெற்ற வெற்றி சென்னையைக் காத்தது. ஆயினும் 1784 மார்ச்சில் திப்புவுடன் மங்களூர் உடன்படிக்கை செய்தபோது சென்னைக் கவர்னர் மெக்கார்ட்னி பிரபுவும் ஹேஸ்டிங்ஸும் மீண்டும் மோதிக்கொண்டனர். இத்தனை பட்டும் பழக்கம் மாறவில்லை.

மாற்றம் இலண்டனிலிருந்து வந்தது. 1784ஆம் ஆண்டுப் பிட் சட்டம் டைரக்டர்களுக்கு மேல் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுச் சபையை நிறுவியது. போர், சமாதானம் முதலிய மறைபொருள்களைக் கவனிக்க டைரக்டர் மூவர் கொண்ட இரகசியக் குழு அமைந்தது. 1786இல் காரன்வாலிஸ் கேட்டுப் பெற்ற அதிகாரம் இவற்றினும் முக்கியமானது. பெரும்பான்மை மாறாக இருந்தாலும் கவர்னர் ஜெனரல் தம் பொறுப்பில் முடிவு செய்யலாம். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது: மாறுபட்ட இரு சாராரும் தத்தம் காரணங்களை எழுத்தில் கொடுத்த பின்னரே அவ்வாறு செய்தல் வேண்டும். எழுதும் பழக்கம் முன்பே இருந்தது. முடிவுக்குப் பொறுப்பானவர் ஒருவர் அதனோடு சேர்ந்தார். 1793இல் சென்னை, பம்பாய்க் கவர்னர்களுக்கும் இவ்வதிகாரம் அளிக்கப்பட்டது.

இதன்பின் இந்தியாவில் மூன்று கோட்டைகளும் ஒருவாறு ஒத்து நடந்தன. பழைய நோய் அப்போது மலாக்கா நீரிணைக்கு இடம் பெயர்ந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய பினாங்கு, 1805இல் நான்காம் இராசதானியாக உயர்த்தப்பட்டிருந்தது. சுமாத்திராவின் மேற்குக் கரையிலிருந்த பெங்கூலன் தனித் துணைக் கவர்னரின் கீழ் இருந்தது. 1818இல் அப்பதவியில் இருந்தவர் ராபிள்ஸ். நீரிணையில் புதிய நிலையம் ஒன்று காணுமாறு அவ்வாண்டு நவம்பரில் அவருக்குக் கட்டளை கொடுத்தவர் கல்கத்தாவின் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு. (இவர் முன்னர்க் கூறிய வாரன் ஹேஸ்டிங்ஸ் அல்லர்.) பினாங்குக் கவர்னர் பானர்மன் இத்திட்டத்தை முற்றும் எதிர்த்தார். கல்கத்தாவும் சிறிது காலத்தில் மனந்தளர்ந்து, நிலையம் வேண்டாம் என்னும் கருத்தில் மறு கடிதம் எழுதியது. அக்கடிதம் வந்து சேருமுன்பே, 1819 பெப்ரவரி 6ஆம் நாள் சிங்கப்பூரில் சுல்தான் ஹுசைனும் தெமெங்கோங் அப்துர் ரஹ்மானும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டாயிற்று.

ஒல்லாந்தர் தாக்குவர் என்னும் அச்சத்தில், சிங்கப்பூரில் பொறுப்பேற்ற பார்க்குவார் பினாங்கிடம் படை கேட்டார். பானர்மன் மறுத்துவிட்டு, இடத்தைக் காலி செய்யுமாறு அறிவுரை கூறினார். கல்கத்தா கண்டித்து எழுதிய பின்னரே பினாங்கிலிருந்து படையும் பணமும் சென்றன. இலண்டனுக்குச் செய்தி எட்டியபோது ஆகஸ்டு ஆகிவிட்டது. இரகசியக் குழுவினர் சினங்கொண்டனர். எனினும் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் முழு விளக்கம் வரும்வரை முடிவை நிறுத்திவைத்தனர். சூரத்து விவகாரத்தில் அவசரப்பட்டு எழுதிய டைரக்டர்களின் வழிவந்தவர்கள் இம்முறை காத்திருந்தது சிங்கப்பூருக்கு நல்வாய்ப்பாயிற்று. அக்கரைப் பேச்சு முடியுமுன் இக்கரையில் ஊர் எழுந்தது. 1819 மே மாத இறுதியில் ராபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது பினாங்கிலிருந்து உடன் வந்தவருள் நாராயண பிள்ளையும் ஒருவர். இவ்வூர் நிலைக்குமா நிலைக்காதா என்பதை அன்று இலண்டனிலும் கல்கத்தாவிலும் எவரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. அவரோ செங்கற்சூளை வைத்து வீடு கட்டக் கல் அறுத்துக் கொடுத்தார். 1824 ஜனவரியில் எடுத்த கணக்கின்படி மக்கள்தொகை 10,683. அவ்வாண்டு மார்ச் 17ஆம் நாள் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்த உடன்படிக்கையில் சிங்கப்பூரின்மேல் தடை சொல்வதை ஒல்லாந்தர் கைவிட்டனர்.

இங்கு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. குண்டூரிலும் சூரத்திலும் மேலிடத்தைக் கேளாமல் செய்தது கேட்டில் முடிந்தது. சிங்கப்பூரில் நன்மையில் முடிந்தது. இதைக்கொண்டு ராபிள்ஸின் துணிவைப் புகழ்வாரே மிகுதி. அவர் கையில் கல்கத்தாவின் எழுத்து மூலமான கட்டளை ஒன்று இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அக்கட்டளையை அவர் நீட்டிப் பொருள் கொண்டார் என்பது உண்மை. ஒயிட்ஹில்லோ வந்த கட்டளையையே நிறைவேற்றாமல் நாளைக் கடத்தியவர்.

1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே இராசதானியாக இணைக்கப்பட்டன. வருவாய்க்கு மேல் செலவு மிகுந்ததால் 1830இல் அவ்விராசதானி ஒழிக்கப்பட்டு, மூன்று ஊர்களும் வங்காளத்தின் கீழ் வைக்கப்பட்டன. செலவைக் குறைக்கக் கவர்னர் என்னும் பதவிப் பெயரும் எடுக்கப்பட்டது. ஆனால் 1826ஆம் ஆண்டு நீதிச் சாசனம், வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தைக் கவர்னருக்கும் அவர் ஆலோசகர்களுக்கும் அப்பதவிப் பெயர்களைக் குறித்தே அளித்திருந்தது. பெயர் போனதும் அதிகாரமும் போயிற்று. விடைபெற்றுச் சென்ற கவர்னர் புல்லர்ட்டன் நீதிமன்றங்களை மூடிவிட்டுப் போனார். சிக்கனம் செய்தவர்கள் சாசனத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை போலும். கடன் கொடுத்த வணிகர் வழக்காட இடமின்றித் தவித்தனர். இலண்டனுக்கு முறையீடுகள் பறந்தன. 1832இல் கவர்னர் என்னும் பெயர் மீண்டும் வழங்கப்பட்ட பின்னரே நீதிமன்றம் திறந்தது.

அதன்பிறகும் கல்கத்தாவிலிருந்து வந்த முடிவுகள் இவ்வூர் நிலைமைக்குப் பொருந்தாமலே வந்துகொண்டிருந்தன. வெள்ளி டாலர் வழங்கும் சந்தையில் இந்திய ரூபாயைப் புகுத்த 1855இல் செய்த முயற்சியைச் சிங்கப்பூர் வணிகர் கூட்டம் கூடி எதிர்த்தனர். 1858இல் கும்பெனியின் ஆட்சி முடிந்தது. ஆயினும் இக்குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்தின் கீழேயே இன்னும் சில ஆண்டு இருந்தன. 1867 ஏப்ரல் 1ஆம் நாள் அவை இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின் நேர் ஆட்சிக்கு மாறின. அடுத்த நான்காண்டுக்குள் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்து சேர்ந்தது. பெயரளவில் எஞ்சியிருந்த கும்பெனி 1874 ஜூன் 1ஆம் நாள் கலைக்கப்பட்டபோது, இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்குச் செய்தி வரத் திங்கள் கணக்கில் காத்திருக்கும் நிலை மறைந்திருந்தது.